பத்து வயதைத் தாண்டிய டீஹியூமிடிஃபையர்: வைத்துக்கொள்ளலாமா, கழித்துக்கட்டலாமா?

வீட்டு உபயோகப் பொருள்களுக்கு வரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை அட்டைப்பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதப்பட்டவை. "சத்தம் கம்மி, பார்க்க அழகு, ஐந்து நட்சத்திரம்" என்று முடிந்துவிடும். மேசை விளக்குக்கு அது போதும். அறைக்காற்றின் ஈரத்தைப் பிரித்தெடுத்து வாளியில் சேர்க்கிற டீஹியூமிடிஃபையருக்குப் போதாது. புதிதாக இருக்கும்போது எந்தக் கம்பெனியின் கருவியும் வாளியை நிரப்பத்தான் செய்யும். அதன் உண்மையான குணம் தெரிவது ஃபில்டரில் தூசி ஏறி, சென்சாருக்கு வயதாகி, வாளியின் மிதவை ஒட்டிக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான். இங்கே நான் மதிப்பெண் போடப்போவது அப்படிப்பட்ட ஒரு கிழட்டுக் கருவிக்கு. பெயர் சொல்லப்போவதில்லை. அந்த மாடல் இப்போது விற்பனையிலேயே இல்லை, சொல்லியும் பயனில்லை. உள்ளே இருக்கிற சமாச்சாரம் எல்லாக் கம்பெனிக்கும் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் உங்கள் வீட்டு மூலையில் முனகிக்கொண்டிருப்பதற்கும் இது பொருந்தும்.

என்னுடையது கம்ப்ரஸர் வகை. முழங்காலுக்குச் சற்று மேலே உயரம், அடியில் நான்கு சக்கரம், முன்பக்கம் இழுத்தெடுக்கிற வாளி, பின்பக்கம் கழற்றிக் கழுவுகிற வலை ஃபில்டர். ஸ்டிக்கரில் நாளுக்கு 20 லிட்டர், 380 வாட் என்று போட்டிருக்கிறது. இது நிற்கிற அறையில் புத்தக அலமாரிகளும் சில பழைய கேமரா லென்ஸ்களும் இருக்கின்றன. இரண்டுக்குமே ஈரம் ஆகாது. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் புத்தக அட்டைகளில் பூஞ்சை பூக்கத் தொடங்கிவிடும். லென்ஸுக்குள் போனால் நூல்நூலாகப் படர்ந்து கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் தழும்பு போகாது. அதனால் அறையை 50 சதவீதத்தை ஒட்டியே வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே போனால் தூசிப்பூச்சிகளும் பெருக முடியாமல் திணறும், அது உபரி லாபம்.

"முன்னைப்போல் தண்ணீர் பிடிப்பதில்லை" என்பதுதான் பழைய கருவி வைத்திருக்கும் எல்லோரும் சொல்கிற முதல் புகார். அதை நம்புவதற்கு முன் ஸ்டிக்கரில் இருக்கும் லிட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். 20 லிட்டர் என்பது பெரும்பாலும் 30 டிகிரி செல்சியஸ், 80 சதவீத ஈரப்பதம் உள்ள சோதனை அறையில் எடுத்த எண். 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். ஆக, சோதனை அறையின் காற்றில் கனமீட்டருக்கு 24 கிராம் ஈரம் இருக்கிறது. 20 டிகிரி, 60 சதவீதம் உள்ள ஓர் அறையின் காற்றில் 10 கிராம்தான் இருக்கிறது. எடுப்பதற்குக் காற்றில் சரக்கே இல்லாதபோது கருவியைத் திட்டி என்ன ஆகப்போகிறது? அமெரிக்காவில் இந்தச் சோதனையை முன்பு சுமார் 27 டிகிரியில் செய்தார்கள். 2019-ல் 18 டிகிரி சொச்சத்துக்கு இறக்கினார்கள். உடனே நாளுக்கு 70 பைண்ட் (ஒரு பைண்ட் ஏறக்குறைய அரை லிட்டர்) என்று விற்றுக்கொண்டிருந்த அதே ரகக் கருவிகள் 50 பைண்ட் ஆகிவிட்டன. எண் கொஞ்சம் நேர்மைப்பட்டது, அவ்வளவுதான். பழைய பெட்டியையும் புதுப் பெட்டியையும் எண்ணை வைத்து ஒப்பிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இது வேலை செய்கிற விதம் குளிர்சாதனப் பெட்டியின் விதம்தான். மின்விசிறி அறைக்காற்றை இழுத்து முதலில் குளிர்ந்த காயில் மீது, அதாவது மெல்லிய தகடுகள் கோத்த வளைவு வளைவான குழாய் மீது, விடுகிறது. ஈரம் அங்கே துளியாகப் படிந்து அடியிலுள்ள தட்டில் வழிந்து வாளிக்குப் போகிறது. காய்ந்த காற்று அடுத்து சூடான காயில் வழியாகப் போய் வெளியே வருகிறது. அதனால் வெளிவரும் காற்று உள்ளே போனதைவிடச் சூடாகத்தான் இருக்கும். "ஏசி மாதிரி இருக்கும் என்று வாங்கினேன், அனல் அடிக்கிறது" என்று ஒற்றை நட்சத்திரம் போடுபவர்களைப் பார்த்தால் கருவிக்காகப் பரிந்து பேசத் தோன்றும். ஒரு லிட்டர் நீராவி தண்ணீராக மாறும்போது வெளிவிடுகிற வெப்பம் மட்டுமே முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவு. அதோடு கம்ப்ரஸர் இழுக்கிற மின்சாரமும் கடைசியில் வெப்பமாகி அறையிலேயே தங்குகிறது. வயதான கருவியில் இந்தச் சூடு ஒரு நல்ல அறிகுறி. கால் மணி நேரம் ஓடியும் வெளிக்காற்று வெதுவெதுப்பாகவே இல்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும்.

பழைய கருவி வைத்திருப்பவரிடம் இரண்டே இரண்டு அளவுகோல் இருந்தால் போதும் என்பது என் கட்சி. ஒன்று, பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே செருகுகிற வாட் மீட்டர். இன்னொன்று, தனியான ஈரப்பதமானி. இவை இல்லாமல் "சரியாக ஓடுகிற மாதிரிதான் இருக்கிறது" என்று காதை வைத்துத் தீர்ப்புச் சொல்வது ஜோசியம்.

வாட் மீட்டர் என்ன சொல்லும் என்று பாருங்கள். என் கருவியில் மின்விசிறி மட்டும் சுற்றினால் 50 வாட்டை ஒட்டி நிற்கும். கம்ப்ரஸர் சேர்ந்துகொண்டால் 350-க்கு ஏறும். ஆகவே கருவி 'ஓடிக்கொண்டிருக்கிறது', வாளி மட்டும் நிரம்பவில்லை என்கிறபோது மீட்டரைப் பார்த்தாலே பாதி விசாரணை முடிந்துவிடும். 50-லேயே நின்றால் கம்ப்ரஸர் எழவே இல்லை. அப்போது பார்க்க வேண்டியது சென்சார், கெப்பாசிட்டர் (கம்ப்ரஸர் சுற்றத் தொடங்க உந்துதல் தரும் சாமான்), ஓவர்லோடு (சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிப்பது), கட்டுப்பாட்டு போர்டு. 350 இழுத்தும் தண்ணீர் இல்லையென்றால் தூசி, பனிக்கட்டி, குளிர்ந்த அறை இவற்றில் ஒன்று. கம்ப்ரஸர் ஓடுகிறது, ஆனால் வழக்கத்தைவிட வெகுவாகக் குறைந்த வாட்டில் ஓடுகிறது என்றால் குழாய்க்குள் சுற்றிக் குளிர்விக்கிற கேஸ் குறைந்திருக்கலாம். ஒரு சின்ன எச்சரிக்கை: மின்சாரம் போய் வந்த பிறகோ அணைத்து உடனே போட்டாலோ ஏறக்குறைய 3 நிமிடம் கம்ப்ரஸரை எழவிடாமல் வைத்திருக்கும் ஏற்பாடு பெரும்பாலான மாடல்களில் உண்டு. உள்ளே அழுத்தம் சமனாகட்டும் என்று. அந்த 3 நிமிடத்துக்குள் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

ஈரப்பதமானி எதற்கு, கருவியின் முகப்பிலேயே எண் தெரிகிறதே என்று கேட்கலாம். அந்த எண்ணைத்தான் நம்பக் கூடாது. உள்ளே இருக்கும் ஈரப்பத சென்சார் ஆண்டுக்கணக்கில் தூசியையும் புகையையும் குடித்துக் குடித்து விலகிப்போகும். என்னுடையது இப்போது உண்மையைவிடக் குறைத்துச் சொல்கிறது. முகப்பில் 50 காட்டும் நேரத்தில் அறையில் 58, 60 இருக்கிறது. இலக்கை எட்டிவிட்டோம் என்று நினைத்துக் கம்ப்ரஸர் நின்றுவிடுகிறது. இதைக் 'கருவி பலவீனமாகிவிட்டது' என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. மருந்து எளிது: முகப்பில் இலக்கை 40-ல் வைத்தால் அறை 50-க்கு வருகிறது. சென்சாரை மாற்றவும் செய்யலாம். அந்த எட்டு, பத்துக்காகப் பெட்டியைப் பிரிக்க எனக்கு மனமில்லை.

சரி, தனி ஈரப்பதமானி மட்டும் யோக்கியமா? அதற்குச் சமையலறை உப்பே நீதிபதி. ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரைந்து ஓடிவிடாமல் ஈர மணல் பதத்துக்கு நனைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத கண்ணாடி டப்பாவில் ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். சாதாரண அறை வெப்பநிலையில் டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் வந்து நிற்கும். மானி 71 காட்டினால் 4 சேர்த்துப் படிக்க வேண்டியதுதான். உப்பு வேலை செய்வது இயற்பியல், எந்தக் கம்பெனியின் வாக்குறுதியும் அல்ல. அதனால்தான் எனக்கு இந்தச் சோதனைமேல் அத்தனை பிரியம்.

இனி தூசி. வலை ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் முழுதாகக் காயவைத்துப் போட வேண்டும். இதைச் செய்பவர்கள்கூடக் காயிலை மறந்துவிடுகிறார்கள். வலையில் நழுவிப்போகிற நுண்ணிய தூசி, ஈரக் காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே ஒட்டி, நாளடைவில் கம்பளிபோல ஆகிவிடும். பிளக்கைப் பிடுங்கி, பின்மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். காய்ந்த நிலையில் மென்மையான பிரஷ்ஷால் தகடுகள் போகிற திசையிலேயே மேலிருந்து கீழாக வருடி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். குறுக்கே தேய்த்தால் தகடுகள் மடங்கி, காற்றுப் போகிற வழியை நீங்களே அடைத்த கதையாகும். எஞ்சிய பிசுக்குக்கு ஏசி காயிலுக்கென்றே விற்கும் நுரை கிளீனர் இருக்கிறது. அமிலமில்லாத வகையாகப் பார்த்துக்கொண்டால் சரி.

வினிகரால் காயிலைக் கழுவச் சொல்லும் குறிப்புகள் ஊரெல்லாம் சுற்றுகின்றன. வேண்டாம். வாளிக்கு வினிகர் நல்லது, காயிலுக்கு எதிரி. வினிகரில் இருப்பது அசெட்டிக் அமிலம். ஈரம் நிற்கும் செம்புக் குழாயில் அசெட்டிக், ஃபார்மிக் அமிலங்கள் பட்டால் உலோகத்துக்குள் எறும்புப் புற்றைப்போல கிளைகிளையாகத் துளைத்துக்கொண்டு போகும் ஒருவகை அரிப்பு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஊசிமுனைத் துளை வழியே கேஸ் மொத்தமும் போய்விடும். சுத்தம் செய்கிறேன் என்று கருவியின் ஆயுளை அப்படி முடித்துவைக்க வேண்டுமா? பிளீச்சும் அலுமினியத்துக்கு ஆகாது. வினிகரையும் பிளீச்சையும் கலப்பது கருவிக்கு மட்டுமல்ல, உங்கள் நுரையீரலுக்கே ஆபத்து. நச்சு வாயு வரும்.

அடுத்தது பனிக்கட்டி. பழைய கருவி பற்றி வருகிற கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் பனி உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே விடை எழுதியிருக்கும். அறை 18 டிகிரிக்குக் கீழே போனால் குளிர்ந்த காயில் உறைநிலையைத் தொட்டுவிடும். படிகிற ஈரம் துளியாகாமல் வெள்ளையாக உறையும். இது நோய் அல்ல. காயிலில் ஒட்டியிருக்கும் சிறிய வெப்ப சென்சார் இதை உணர்ந்து கம்ப்ரஸரை நிறுத்தி, விசிறியை மட்டும் சுற்றவிட்டு, பனியை உருக்கிவிட்டு மறுபடி தொடங்கும். நடுநடுவே கருவி 'சும்மா' சுற்றுவதாகத் தெரிவது இதனால்தான்.

நோய் எப்போது? கதகதப்பான அறையிலும் காயில் முழுக்க, ஓரம் விடாமல் பனி மூடினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். அடைபட்ட ஃபில்டர், கம்பளி படிந்த காயில், சோர்ந்துபோன விசிறி மோட்டார், அல்லது சுவரோடு ஒட்டி நிறுத்திவைத்தது. முதல் மூன்று நான்கு வளைவுகளில் மட்டும் பனி, மீதிக் காயில் உலர்ந்து அறைச் சூட்டிலேயே இருக்கிறது என்றால் கேஸ் குறைந்துவிட்டது. இருக்கிற கொஞ்சமும் ஆரம்பத்திலேயே ஆவியாகித் தீர்ந்துவிடுகிறது. பனி கட்டிக்கொண்டே போகிறது, உருக்கும் சுற்றே வருவதில்லை என்றால் வெப்ப சென்சார் செத்திருக்கலாம், அல்லது காயிலை விட்டுக் கழன்று தொங்கிக்கொண்டிருக்கலாம். என்னுடையதில் பிடிப்புக் கிளிப் தளர்ந்து கழன்றுதான் கிடந்தது. திரும்ப அழுத்தி மாட்டியதும் சரியானது. இந்த சென்சார்கள் பெரும்பாலும் 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டுபவை. கையில் மல்டிமீட்டர் இருந்தால் விரல் சூட்டில் பிடித்துப் பாருங்கள். சூடு ஏற ஏற மின்தடை இறங்க வேண்டும். அசையாமல் நின்றாலோ தொடர்பே இல்லை என்று காட்டினாலோ மாற்ற வேண்டியதுதான். மலிவான சாமான். எதுவானாலும் பனியைக் கத்தியாலோ ஸ்க்ரூடிரைவராலோ சுரண்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி அதுவாக உருகவிடுங்கள்.

வாளி விவகாரங்கள் அற்பமானவை, ஆனால் எரிச்சலில் முதலிடம் அவற்றுக்குத்தான். காலி வாளியை மாட்டினாலும் 'நிரம்பிவிட்டது' விளக்கு அணையாமல் எரிகிறதா? வாளிக்குள் இருக்கும் மிதவையின் கீல் வழவழப்புப் பாசியில் ஒட்டியிருக்கும், அல்லது மிதவையிலுள்ள காந்தம் தன் இடத்தைவிட்டு நகர்ந்திருக்கும், அல்லது வாளி கடைசி அரை அங்குலம் உள்ளே போகாமல் நிற்கும். எதிர்த் தவறு இன்னும் மோசம்: மிதவை கீழேயே ஒட்டிக்கொண்டு, வாளி வழிந்தும் கருவி ஓடும். மிதவையைக் கழற்றி வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் இரண்டுமே தீரும்.

வாளியில் தண்ணீர் இல்லை, தரையில் மட்டும் இருக்கிறது என்றால் காயிலுக்கு அடியிலுள்ள தட்டின் துளையைப் பாருங்கள். தூசியும் பாசியும் திரண்டு அடைத்திருக்கும். நாற்றத்தின் ஊற்றும் பெரும்பாலும் அந்தத் தட்டுதான். வாசனைத் திரவத்தை வாளியில் ஊற்றிப் பார்க்கிறவர்களுக்கு என் அனுதாபங்கள். ஹோஸ் போட்டு நேராக வெளியேற்றுகிறவர்கள் ஹோஸ் முழு நீளமும் இறக்கமாகவே போகிறதா, மறுமுனை தண்ணீரில் முங்காமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு சின்ன மேடு இருந்தால்கூடத் தண்ணீர் பின்வாங்கும். வாளியில் சேரும் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் குடிப்பதற்கல்ல. காயிலின் உலோகத் துணுக்கும் அறைத் தூசியும் கிருமிகளும் அதில் இருக்கும்.

இப்போது கம்ப்ரஸர் எழாத சிக்கல். அறிகுறி சொல்கிறேன்: சில நொடி கனத்த முனகல், பிறகு ஒரு 'டிக்', அமைதி. சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே கச்சேரி. முனகுவது சுற்ற முடியாமல் திணறும் கம்ப்ரஸர், 'டிக்' என்பது சூடேறியதும் துண்டித்துவிடுகிற ஓவர்லோடு. கம்ப்ரஸர் இறுகிவிட்டது என்று மெக்கானிக் கையை விரிப்பதற்கு முன் கெப்பாசிட்டரை மாற்றிப் பார்த்துவிட வேண்டும். உருளை வடிவம், மேலே மைக்ரோஃபாரட் கணக்கு அச்சாகியிருக்கும். தலை உப்பியிருந்தாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ, அளந்தால் அச்சிட்ட எண்ணைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தாலோ அதன் காலம் முடிந்தது. புதியதும் அதே மைக்ரோஃபாரட் அளவில், அதே வோல்டேஜோ கூடுதலோ உள்ளதாக இருக்க வேண்டும். என் கருவிக்குப் புது வாழ்வு தந்தது இந்த ஒரு சாமான்தான். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர் மின்னேற்றத்தை வைத்திருக்கும், தொட்டால் தூக்கியடிக்கும். அதை எப்படி வெறுமையாக்குவது என்று தெரியாதவர்கள் இந்த வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவது நல்லது. மின்னழுத்தம் குறைவாக வந்தாலும் இதே முனகல் கேட்கும் என்பதால் முதலில் வேறொரு சாக்கெட்டில் மாட்டிப் பார்ப்பதும் உசிதம்.

சத்தம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கடகட என்றால் வாளியோ மூடியோ அதிர்கிறது, ஒரு துண்டு ஃபோம் வைத்தால் அடங்கும். அடியிலிருந்து உறுமினால் கம்ப்ரஸரைத் தாங்கும் ரப்பர்கள் கல்லாகிவிட்டன. கீச் கீச் என்றால் விசிறி மோட்டாரின் பேரிங்.

கேஸ் போய்விட்டது என்று உறுதியானால் அங்கே நான் நின்றுவிடுவேன். வீட்டு டீஹியூமிடிஃபையரில் கேஸ் நிரப்ப வால்வே வைப்பதில்லை. குழாயைப் பற்றவைத்து மூடிய சுற்று அது. துளையைக் கண்டுபிடித்து, அடைத்து, காற்றை வெளியேற்றி, எடைபோட்டு நிரப்ப வேண்டும். அந்த உழைப்புக்கு ஆகும் கூலி பெரும்பாலும் கருவியின் மிச்ச மதிப்பைத் தாண்டிவிடும். துளையைத் தேடாமலே 'கேஸ் அடித்துத் தருகிறேன்' என்பவர் விற்பது சில மாதத் தவணை. பழைய கருவிகளில் ஆர்-22, பிறகு ஆர்-134ஏ, ஆர்-410ஏ, இப்போது ஆர்-290 என்று கேஸும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆர்-22 ஓசோனைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி கைவிடப்பட்டுவருகிறது. ஆர்-290 என்பது புரொப்பேன். சூழலுக்குச் சாது, ஆனால் தீப்பற்றும். அந்த ஸ்டிக்கர் இருக்கும் கருவியின் குழாயில் யாரும் தன்னிஷ்டத்துக்குக் கை வைக்கக் கூடாது.

தீ என்றதும் ஒன்று. பழைய கருவி வைத்திருப்பவர்கள் அதன் மாடல் எண்ணை ஒருமுறையாவது திரும்பப்பெறும் பட்டியல்களில் தேடிப் பார்க்க வேண்டும். 2013-ல் சீனாவின் க்ரீ நிறுவனம் தயாரித்துப் பல பிராண்டுப் பெயர்களில் விற்பனையான டீஹியூமிடிஃபையர்கள் சூடேறித் தீப்பிடிக்கின்றன என்று அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெறப்பட்டன. குறை தெரிந்தும் உரிய நேரத்தில் சொல்லாமல் மறைத்த வழக்கில் 2021-ல் அந்த நிறுவனம் 9.1 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதே 2021-ல் நியூ வைட்டெக் என்ற நிறுவனம் தயாரித்தவை இன்னொரு 20 லட்சம் திரும்பப் பெறப்பட்டன. பெட்டியின் முகப்பில் இருக்கும் பெயர் வேறு, தயாரித்தவர் வேறு என்பதால் பிராண்டை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. பட்டியலில் இல்லாத கருவியானாலும் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கையில் சுட்டால், பழுப்பேறியிருந்தால், அதை ஓடவிடாதீர்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் கம்பியில் மாட்டக் கூடாது. என் கிழவனை ஆளில்லாத வீட்டில் ஓடவிட்டுப் போவதை நான் நிறுத்திவிட்டேன்.

இதற்குப் பதில் சின்னதாக, சத்தமில்லாத பெல்டியர் வகை (கம்ப்ரஸர் இல்லாமல், மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்கிற தகட்டை வைத்து வேலை செய்வது) ஒன்று வாங்கிவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: அவை நாளுக்குச் சில நூறு மில்லி எடுக்கும். லென்ஸ் அலமாரிக்குப் போதும், அறைக்குப் போதாது. ஈரம் உறிஞ்சும் சக்கரம் வைத்த டெசிகன்ட் வகை குளிர்ந்த அறையில் கம்ப்ரஸரைவிடக் கெட்டிக்காரன், ஆனால் ஹீட்டர் இருப்பதால் மின்சாரத்தை அதிகம் தின்னும்.

மதிப்பெண்ணுக்கு வருகிறேன். தண்ணீர் பிடிப்பதற்குப் பத்துக்கு ஏழு. பழுதுபார்க்கும் வசதிக்கு எட்டு, ஏனென்றால் மூடி நாலே ஸ்க்ரூவில் கழன்றுவருகிறது. ஒட்டுப்பசையும் ரகசியக் கொக்கிகளும் இல்லை. சத்தத்துக்கு ஐந்து, அதுவும் பழகிய காதுக்கு. மின் சிக்கனத்துக்கு நாலுக்கு மேல் போட முடியாது. 24 டிகிரி, 65 சதவீதம் இருக்கும் நாளில் வாளித் தண்ணீரை அளந்து மீட்டரோடு ஒப்பிட்டால் யூனிட்டுக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது. அமெரிக்காவின் மின்சிக்கன முத்திரையான எனர்ஜி ஸ்டாருக்கு 2019-ல் வந்த விதி நடுத்தர அளவுக் கருவிகளிடம் 1.8 லிட்டர் கேட்கிறது, அதுவும் இதைவிடக் குளிர்ந்த அறையில். ஆண்டு முழுக்க ஓடுகிற இடமாக இருந்தால் இந்த வித்தியாசமே புதியது வாங்கச் சொல்லிவிடும். எனக்கு ஈரமான மாதங்களில் மட்டும்தான் வேலை என்பதால் இன்னும் வைத்திருக்கிறேன். வேலையில்லாத மாதங்களில் விசிறியை மட்டும் சிலமணி நேரம் ஓடவிட்டு உள்ளே காயவைத்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்து, நிமிர்த்தியே வைப்பேன். படுக்கப்போட்டு நகர்த்தியிருந்தால் கம்ப்ரஸர் எண்ணெய் திரும்ப இறங்க ஒரு நாள் நிற்கவிட்டுத்தான் பிளக்கை மாட்ட வேண்டும்.

அதே சூட்டிலும் ஈரத்திலும் யூனிட்டுக்கு முக்கால் லிட்டருக்குக் கீழே இறங்கினாலோ, காயிலின் முதல் வளைவுகளில் மட்டும் பனி பூக்கக் கண்டாலோ விடைகொடுத்துவிடுவேன். குப்பையோடு போடாமல், கேஸை முறையாக மீட்டெடுக்கும் மின்கழிவு மையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அடுத்தது வாங்கும்போது கடையில் முகப்பு விளக்குகளைப் பார்க்கமாட்டேன். பின்னால் போய் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பேன், காயிலுக்கு பிரஷ் எட்டுகிறதா என்று விரலை விட்டுப் பார்ப்பேன், ஸ்க்ரூ எத்தனை என்று எண்ணுவேன்.